ஹெக்ஸ் விளையாட்டு: ஒரு மதிப்பீடு

ஹெக்ஸ், இருவர் ஆடும் பலகை விளையாட்டு. பகடை, சீட்டு போன்று அதிர்ஷ்டத்துக்கு இடம் தரும் கருவி எதுவும் இதில் இல்லை. பலகையில் இருப்பது எல்லாம் இருவர் கண்ணுக்கும் தெரியும். டென்மார்க்கைச் சேர்ந்த பீட் ஹைன் 1942-இல் இதை வெளியிட்டார். அமெரிக்கக் கணிதவியலர் ஜான் நாஷ் 1948-இல் பிரின்ஸ்டனில் இதையே தனியாகக் கண்டடைந்தார். 11-க்கு 11 என்ற அளவுள்ள பலகையில் வேகமாக ஆடினால் கால் மணி நேரத்தில் ஓர் ஆட்டம் முடிந்துவிடும்.

ஹெக்ஸைப் பற்றிய அறிமுகங்களில் பெரும்பாலும் ஒரு வாக்கியம் தவறாமல் இடம்பெறும்: முதலில் ஆடுபவர் வெல்ல முடியும் என்பது நிறுவப்பட்டுவிட்டது. இதைப் படிக்கும் மாணவர், முடிவு தெரிந்த ஆட்டத்தை எதற்கு ஆட வேண்டும் என்று பலகையைத் தொடாமலே போய்விடக்கூடும். அந்த நிறுவல் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று பிரித்துப் பார்த்த பிறகே ஹெக்ஸை ஒரு விளையாட்டாக எடைபோட முடியும்.

ஆடும் முறை

பலகை சாய்சதுர வடிவில் இருக்கும். அதற்குள் தேன்கூட்டைப்போல அறுகோணக் கட்டங்கள் நிறைந்திருக்கும். எதிரெதிரான இரண்டு பக்கங்கள் சிவப்புக்கும் மற்ற இரண்டு பக்கங்கள் நீலத்துக்கும் உரியவை. மூலைக் கட்டங்கள் நான்கும் இருவருக்கும் பொது. ஒருவர் மாற்றி ஒருவர், காலியாக உள்ள ஏதாவது ஒரு கட்டத்தில் தம் நிறக் காயை வைக்க வேண்டும். வைத்த காய் நகராது. வெட்டுவது, எடுப்பது எதுவும் கிடையாது. தம் நிறத்துக்குரிய இரண்டு பக்கங்களையும் ஒன்றையொன்று ஒட்டிச் செல்லும் காய்களால் முதலில் இணைப்பவர் வென்றவர். அந்தத் தொடர் நேராக இருக்க வேண்டும் என்பதில்லை. வளைந்தும் நெளிந்தும் போகலாம்.

விதி இவ்வளவுதான். சதுரங்கத்தில் குதிரையின் நடையையும் கோட்டை கட்டுவதையும் சொல்லிப் புரியவைக்கவே சில நாட்கள் ஆகும். ஹெக்ஸை ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். காய்கள்கூட அவசியமில்லை. தாளில் அறுகோணங்களை வரைந்து, ஒருவர் வட்டமும் மற்றவர் பெருக்கல் குறியும் போட்டுக்கொண்டே போகலாம். போட்ட குறி நீங்காது என்பதால் அழிப்பானுக்கும் வேலையில்லை.

தோற்றம்

பீட் ஹைன் கவிஞர், புதிர் அமைப்பவர், வடிவமைப்பாளர் எனப் பல முகங்கள் கொண்டவர். டென்மார்க் ஜெர்மானிய ஆக்கிரமிப்பில் இருந்த ஆண்டுகளில் கும்பெல் என்ற புனைபெயரில் ‘பொலிட்டிக்கன்’ நாளிதழில் குறுங்கவிதைகள் எழுதிவந்தார். 1942 டிசம்பர் 26 அன்று அதே நாளிதழில் ‘பாலிகன்’ என்ற பெயரில் இந்த விளையாட்டை அறிமுகம் செய்தார். கட்டங்கள் அச்சிட்ட தாள்கள் கட்டாக விற்கப்பட்டன. ஓர் ஆட்டம் முடிந்தால் தாளைக் கிழித்துவிட்டு அடுத்ததில் ஆடலாம்.

நான்கு நிறத் தேற்றத்தைப் பற்றிச் சிந்தித்துக்கொண்டிருந்தபோது ஹைனுக்கு இந்த எண்ணம் தோன்றியது. அடுத்தடுத்த நாடுகளுக்கு ஒரே நிறம் வராமல் எந்த வரைபடத்தையும் நான்கு நிறங்களால் தீட்ட முடியுமா என்ற அந்தக் கேள்விக்கு அப்போது விடை கிடைத்திருக்கவில்லை. தட்டையான தளத்தில் எது எதைத் தொட முடியும், எது எதைக் கடக்க முடியாது என்பதுதான் அங்கும் இங்கும் அடிப்படை.

நல்ல விளையாட்டுக்கு வேண்டிய தகுதிகள் எவை என்றும் ஹைன் யோசித்திருந்தார். ஆட்டம் இருவருக்கும் நியாயமாக இருக்க வேண்டும். முடிவை நோக்கி நகர வேண்டும். திட்டமிடுதலுக்கு இடம் தர வேண்டும். வெற்றி தோல்வி தெளிவாகத் தீர வேண்டும். படைத்தவரே வகுத்த இந்த அளவுகோலால் அவருடைய படைப்பை அளந்து பார்ப்பதில் தவறில்லை. தெளிவான முடிவு என்ற தகுதியில் ஹெக்ஸுக்கு நூற்றுக்கு நூறு கொடுக்கலாம். நியாயம் என்ற தகுதியில் அது தேறவில்லை. அது ஏன் என்பது பின்னால் வரும்.

பிரின்ஸ்டனில் நாஷ் தம் எண்ணத்தை டேவிட் கேலிடம் சொன்னார். கேல் ஒரு பலகை செய்து, கணிதத் துறை மாணவர்கள் கூடும் பொது அறையில் வைத்தார். அங்கே அது ‘நாஷ்’ என்றும் ‘ஜான்’ என்றும் அழைக்கப்பட்டது. அமெரிக்கப் பேச்சுவழக்கில் ‘ஜான்’ என்றால் கழிப்பறை. அங்கே தரையில் பதிக்கும் அறுகோண ஓடுகளில் ஆடலாம் என்பதால் அந்தப் பெயர் வந்தது என்று ஒரு கதை உண்டு. அதை நகைச்சுவையாக எடுத்துக்கொள்வதே சரி. 1952-இல் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் ‘ஹெக்ஸ்’ என்ற பெயரில் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்தப் பெயரே நிலைத்தது. 1957 ஜூலையில் மார்ட்டின் கார்ட்னர் ‘சயின்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் எழுதிய பிறகு உலகம் முழுதும் பரவியது.

நாஷின் புகழ் காரணமாக இதை அவருடைய கண்டுபிடிப்பு என்று மட்டுமே எழுதிவிடுவோர் உண்டு. அப்படி எழுதுவது ஹைனுக்கு இழைக்கும் அநீதி. ஹைன் ஆறு ஆண்டுகள் முந்தியவர். நாளிதழில் அச்சிட்டு வெளியிட்டவர். நாஷின் பங்கு வேறு. இந்த விளையாட்டைப் பற்றிய மிக முக்கியமான ஓர் உண்மையை நிறுவியவர் அவர்.

ஏன் சமன் ஆவதில்லை

இதே விளையாட்டைச் சதுரக் கட்டங்களில் ஆடிப் பார்த்தால் அறுகோணத்தின் அருமை விளங்கும். சதுரப் பலகையில் நான்கு கட்டங்கள் ஒரு புள்ளியில் சந்திக்கின்றன. அந்த நான்கில் மூலைவிட்டமாக இரண்டு சிவப்பும் இரண்டு நீலமும் அமைந்துவிட்டால் சிக்கல். பக்கத்தால் ஒட்டினால்தான் இணைப்பு என்று வைத்துக்கொண்டால் இருவரும் அடைபட்டு நிற்பார்கள். மூலை தொட்டாலும் இணைப்புதான் என்றால் இருவரும் ஒரே இடத்தில் ஒருவரையொருவர் கடந்துவிடுவார்கள். அறுகோணப் பலகையில் ஒரு புள்ளியில் மூன்று கட்டங்களே சந்திக்கும். மூன்றில் இரண்டாவது ஒரே நிறமாக இருந்தே தீரும். அவை பக்கத்தாலும் ஒட்டியிருக்கும். எனவே முட்டுக்கட்டை விழ வழியில்லை.

முழுப் பலகையும் காய்களால் நிரம்பிவிட்டதாகக் கொள்வோம். சிவப்புப் பக்கமும் நீலப் பக்கமும் சந்திக்கும் ஒரு மூலையிலிருந்து, இரு நிறங்களுக்கும் இடைப்பட்ட கோட்டின் மேல் ஓர் எறும்பு ஊர்கிறது. அதன் வலப்புறம் எப்போதும் சிவப்பு, இடப்புறம் எப்போதும் நீலம். ஒவ்வொரு சந்திப்பிலும் எதிரே மூன்றாவது கட்டம் ஒன்று நிற்கும். அது சிவப்பாக இருந்தால் எறும்பு இடப்பக்கம் திரும்பும். நீலமாக இருந்தால் வலப்பக்கம் திரும்பும். எங்கும் ஒரே ஒரு வழிதான். கடந்து வந்த புள்ளிக்குத் திரும்பவும் வர முடியாது. கட்டங்கள் எண்ணிக்கையில் அடங்கியவை என்பதால் அது வேறொரு மூலை வழியாக வெளியேறியே ஆக வேண்டும். அந்த மூலை எது என்பதைக் கொண்டு, சிவப்பு இணைந்துவிட்டதா நீலம் இணைந்துவிட்டதா என்று சொல்லிவிடலாம். பத்தாம் வகுப்பு மாணவர் பின்தொடரக்கூடிய நிறுவல் இது. இந்த எளிய உண்மையிலிருந்தே பிரவுவரின் நிலைப்புள்ளித் தேற்றத்தை வருவிக்க முடியும் என்று டேவிட் கேல் 1979-இல் காட்டினார்.

ஆடுபவருக்கு இதனால் என்ன பயன்? ஹெக்ஸில் எதிரியை முழுவதுமாகத் தடுத்துவிட்டால் நாம் இணைந்துவிட்டோம் என்று பொருள். ஆற்றின் குறுக்கே கரையிலிருந்து கரைவரை அணை எழும்பினால் நீர் நின்றுவிடும். நீர் போகிறது என்றால் அணையில் எங்கோ இடைவெளி இருக்கிறது. தாக்குதல், தற்காப்பு என்று இரண்டு தனித்தனி வேலைகள் இங்கே இல்லை. சதுரங்கத்தில் தோல்வியைத் தவிர்ப்பதற்காகவே ஆடி, சமன் செய்துகொண்டு எழுந்து போவது ஒரு கலை. ஹெக்ஸில் அந்த ஒதுங்கிடம் கிடையாது.

நாஷ் நிறுவியதும் நிறுவாததும்

முதலில் ஆடுபவருக்கு வெற்றி வழி உண்டு என்பதற்கு நாஷ் தந்த காரணம் சுருக்கமானது. இரண்டாவதாக ஆடுபவரிடம் தோற்கவே முடியாத ஒரு வழி இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதலில் ஆடுபவர் எங்காவது ஒரு காயை வைத்துவிட்டு, அதை மறந்துவிட்டு, தாமே இரண்டாமவர் என்று பாவித்து அந்த வழியைப் பின்பற்றலாம். அவர் கையில் ஒரு காய் கூடுதலாக இருக்கிறது. ஹெக்ஸில் கூடுதல் காய் ஒருபோதும் கெடுதல் செய்யாது. அந்த வழி சொல்லும் கட்டத்தில் ஏற்கெனவே அவர் காய் இருந்தால், வேறெங்காவது ஒன்றை வைத்துவிட்டுப் போகலாம். ஆக இருவரும் வெல்வார்கள் என்று ஆகிறது, அது நடக்காது. எனவே இரண்டாமவரிடம் அப்படி ஒரு வழி இருக்க முடியாது. சமனும் இல்லை. மிஞ்சுவது முதலாமவரின் வெற்றிதான்.

இந்த வாதத்தில் ஒரு கட்டத்தின் பெயர்கூட இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். முதல் காயை எங்கே வைப்பது, எதிரி இப்படி ஆடினால் எப்படிப் பதில் சொல்வது என்று அது எதையும் சொல்லவில்லை. வழி உண்டு என்று அறிவிக்கிறது, வழியைக் காட்டவில்லை. கிணறு இருப்பது தெரிந்த ஊரில் தாகத்தோடு தேடி அலைவதைப் போன்ற நிலை.

வழி காட்டப்பட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஹெக்ஸிலேயே உதாரணம் இருக்கிறது. பலகையின் ஒரு பக்கத்தை மற்றதைவிட ஒரு கட்டம் கூட்டி, 11-க்கு 10 என்று அமைத்துப் பார்க்கலாம். குறைந்த தூரத்தைக் கடக்க வேண்டியவர் இரண்டாவதாக ஆடினாலும் கட்டாயம் வெல்வார். கட்டங்களை இரண்டிரண்டாக ஜோடி சேர்த்துக்கொண்டு, எதிரி ஜோடியில் ஒன்றில் வைத்தால் இவர் மற்றதில் வைத்துக்கொண்டே போனால் போதும். சிந்தனையே தேவையில்லை. தகவல் கோட்பாட்டின் தந்தை எனப்படும் கிளாட் ஷானன் இதை ஒரு எந்திரமாகவே செய்து வைத்திருந்தார். எந்திரம் உடனுக்குடன் பதில் சொன்னால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று, யோசிப்பதுபோலப் பாவனை செய்ய வேண்டுமென்றே தாமதமும் சேர்த்திருந்தார். அந்தப் பலகையில் விளையாட்டு செத்துவிட்டது. சம அளவுப் பலகையில் அது உயிரோடு இருக்கிறது. இரண்டிலும் யார் வெல்ல முடியும் என்பது தெரியும். எப்படி என்பது ஒன்றில் மட்டுமே தெரியும்.

சிறிய பலகைகளிலும் இதைக் காணலாம். 3-க்கு 3 பலகையில் நடுக் கட்டத்தில் வைப்பவர் அப்போதே வென்றுவிட்டார். அங்கிருந்து ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு கட்டங்கள் திறந்திருக்கும். எதிரி ஒன்றை அடைத்தால் மற்றது கிடைக்கும். பலகை பெரிதாகப் பெரிதாக இந்தத் தெளிவு மறைகிறது. பொதுவாக எந்த அளவுப் பலகைக்கும் ஹெக்ஸ் நிலையொன்றில் வெல்பவரைக் கண்டறிவது கணினியியலில் மிகக் கடினமான கணக்குகளின் வகையைச் சேர்ந்தது என்று ஸ்டெஃபான் ரைஷ் 1981-இல் நிறுவினார். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் ரயன் ஹேவர்டும் அவருடன் பணியாற்றியவர்களும் 9-க்கு 9 பலகையின் எல்லாத் தொடக்கங்களுக்கும் 2013-இல் கணினி வழியாக விடை கண்டார்கள். 10-க்கு 10 பலகையில் மையத்தை ஒட்டிய தொடக்கத்துக்கும் விடை கிடைத்தது. ஹைன் வெளியிட்ட 11-க்கு 11 இன்னும் தீர்க்கப்படவில்லை.

பலகையின் முன்னால்

புதிதாக ஆடுபவர் செய்யும் முதல் தவறு, எதிரியின் காயை ஒட்டியே தம் காயை வைத்துத் தடுக்கப் பார்ப்பது. எதிரி அதைச் சுற்றிக்கொண்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவார். இரண்டு மூன்று கட்டங்கள் தள்ளி நின்று மறிப்பதே பலன் தரும். ஆற்று நீர் பாய்ந்து வரும் இடத்தில் மண்ணைக் கொட்டினால் கரைந்துபோகும். சற்றுத் தள்ளிக் கரையைப் பலப்படுத்துவது உழவருக்குத் தெரிந்த பாடம்.

இரண்டாவது, இணைப்பு என்றால் ஒட்டி வைப்பது என்ற நினைப்பு. ஒன்றையொன்று தொடாத இரண்டு காய்களுக்கு நடுவில் பொதுவாக இரண்டு கட்டங்கள் காலியாக இருந்தால், அவை இணைந்ததாகவே கொள்ளலாம். எதிரி ஒன்றில் நுழைந்தால் மற்றதை நிரப்பிக்கொள்ளலாம். இதைப் பாலம் என்பர். பாலம் பாலமாகத் தாவினால் ஒட்டி ஒட்டி வைப்பதைவிட இருமடங்கு வேகத்தில் பலகையைக் கடக்கலாம். பக்கத்துக்கும் இதே கணக்குதான். இரண்டாம் வரிசைக் காய் விளிம்போடு சேர்ந்ததாகவே கொள்ளப்படும். அருகில் போதிய இடம் காலியாக இருந்தால் மூன்றாம் வரிசைக் காயும் அப்படியே. தேர்ந்தவர்கள் உண்மையில் இணைக்கும் காய்களை வைப்பதே இல்லை. பாலங்களால் பலகையைக் கடந்ததும் எதிரி புரிந்துகொண்டு எழுந்துவிடுவார்.

சுவை மிகுந்த இடம், ஏணி என்று அழைக்கப்படும் நிலை. ஒருவர் விளிம்பை அடைய முட்ட, மற்றவர் கீழ்வரிசையில் தடுக்க, இருவரும் பக்கவாட்டில் ஒரே திசையில் ஓடிக்கொண்டே போவார்கள். இப்படியே போனால் முட்டுபவருக்குப் பயனில்லை. ஆனால் ஓட்டத்தின் எதிரே அவர் முன்கூட்டியே ஒரு காய் வைத்திருந்தால், ஏணி அதில் போய்ச் சேர்ந்ததும் வென்றுவிடுவார். பத்து நகர்வுகளுக்கு முன் எங்கோ மூலையில் வைத்த காய், தேவையில்லாமல் வைத்ததுபோல் தோன்றியது, ஆட்டத்தை முடித்துவைக்கும். இரண்டு வேலைக்குப் பயன்படும் ஒரே கட்டத்தைக் கண்டுபிடிப்பதுதான் ஹெக்ஸில் திறமை எனப்படுவது.

குறைகள்

முதல் குறை நியாயம் பற்றியது. முதலாமவருக்குள்ள சாதகம் ஏட்டளவில் நிற்பதில்லை. நடுவில் காய் வைத்துத் தொடங்குபவரைச் சமபலம் உள்ள எதிரி வெல்வது மிக அரிது. இதற்கு மாற்று விதி ஒன்று வழக்கத்துக்கு வந்தது. முதல் காய் வைக்கப்பட்டதும், இரண்டாமவர் விரும்பினால் அந்தக் காயையே தமதாக எடுத்துக்கொள்ளலாம். தேங்காய் பத்தையைப் பங்கிடும்போது ஒருவர் உடைக்க மற்றவர் எடுத்துக்கொள்ளும் முறைதான் இது. மிக நல்ல காயை வைத்தால் பறிபோகும். மிக மோசமான காயை வைத்தால் தன் தலையிலேயே விழும். குறுங்கோண மூலையில் தொடங்குபவர் தோற்பார் என்று அனடோல் பெக் நிறுவியிருக்கிறார். அந்த மூலைக்கும் நடுவுக்கும் இடையில், இப்படியா அப்படியா என்று சொல்ல முடியாத கட்டங்களைத் தேட வேண்டியிருக்கிறது. விதி புத்திசாலித்தனமானது, ஆனாலும் அது வெளியிலிருந்து வைத்த ஒட்டு. தூய்மையே பெருமையாகக் கொண்ட ஒரு விளையாட்டில் ஒட்டு கண்ணில் படத்தான் செய்யும். மாற்று விதி இல்லாமல் ஆடி, முதலாமவரே வெல்கிறார் என்று சலித்துக் கைவிடுவோர் உண்டு. கற்பிப்பவர்கள் முதல் நாளே இதைச் சொல்லிக்கொடுப்பது நல்லது.

இரண்டாவது குறைக்கு மருந்து இல்லை. தெரிந்தவரும் தெரியாதவரும் ஆடினால், தெரியாதவர் தாம் எப்போது தோற்றோம் என்பதையே அறியமாட்டார். சதுரங்கத்தில் குதிரை போனால் போனது தெரியும். இங்கே பலகையில் இருவர் காய்களும் சம எண்ணிக்கையில் நிற்கும், எதுவும் பறிபோகவில்லை, ஆயினும் ஐந்தாம் காயிலேயே ஆட்டம் கைநழுவியிருக்கும். தோற்ற சிறுவனுக்கு ஆறுதலாகச் சொல்ல, வெட்டிய காய் ஒன்றுகூட இருக்காது. வென்றவர் பொறுமையாக ஆட்டத்தைப் பின்னோக்கி நடத்திக் காட்டினாலன்றி அவன் எதையும் கற்றுக்கொள்ள மாட்டான்.

கதையின்மையும் ஒரு குறைதான். ஆடுபுலி ஆட்டத்தில் புலிக்கும் ஆட்டுக்கும் முகம் இருக்கிறது. சதுரங்கத்தில் அரசன் இருக்கிறான். ஹெக்ஸின் காய்களுக்குப் பெயரும் இல்லை, தரமும் இல்லை. இதைக் குளிர்ச்சி என்று சிலர் விலகலாம். வடிவத்தை ரசிக்கத் தெரிந்தவருக்கு ஆட்டம் முடிந்த தாளே போதுமானது: இரண்டு நிறங்களும் ஒன்றையொன்று தேடிப் பின்னி, ஒன்று மட்டும் கரையேறிய தடம் அதில் இருக்கும்.

பலகையின் அளவு

தொடங்குபவர்கள் 5-க்கு 5 பலகையில் பாலத்தையும் விளிம்பையும் பழகிக்கொண்டு, விரைவில் அதைவிட்டு வெளியேற வேண்டும். அங்கே முதல் காயே பெரும்பாலும் முடிவைச் சொல்லிவிடும். 7-க்கு 7 பலகையில் ஏணி தலைகாட்டும். 11-க்கு 11 பலகையில் மூலைகள் நடுவோடு பேசத் தொடங்கும். ஓர் ஓரத்தில் வைக்கும் காய் மறு ஓரத்து ஆட்டத்தை மாற்றுவது அங்கேதான் தெளிவாகத் தெரியும். நாஷ் 14-க்கு 14 அளவை விரும்பினார். அதில் ஆட்டம் ஆழமாகும். கால் மணி நேரத்தில் முடியாது. பள்ளி இடைவேளைக்குள் ஆடி முடிக்க வேண்டியவர்களுக்கு ஹைனின் 121 கட்டங்களே சரியான அளவு.